நாலு வயதுக் கதவு

பியானோவுக்குச் சுருதி சேர்க்க வரும்படி பிலிப்பா என்னைக் கூப்பிட்டபோது, பியானோவில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது அவளுக்கும் தெரியும். நான் பெல்வெதர் ஹால் பள்ளியில் குட்டி வகுப்புக்குப் பாடம் எடுத்தே தலை நரைத்து ஓய்வு பெற்றவன். அவளுக்கு வேண்டியது நான்தான், சுருதி அல்ல. ஆனால் இங்கிலாந்தின் சர்ரேயில், அதுவும் எங்கள் தெருவில், மூன்றரை வயதுப் பிள்ளைக்கு டியூஷன் வைத்திருக்கிறேன் என்று வெளியே சொல்வதைவிடப் பிள்ளையை நாய்க்கூண்டில் படுக்க வைக்கிறேன் என்று சொல்லிவிடலாம். அதற்காவது யாராவது இரக்கப்படுவார்கள்.

பெல்வெதரில் நுழைய இரண்டு கதவுகள். நாலு வயதில் ஒன்று, ஏழு வயதில் ஒன்று. நாலு வயதுக் கதவில் யானையே நுழையலாம், ஏழு வயதுக் கதவில் கொசு நுழைவதற்கும் சிபாரிசு வேண்டும் என்று எங்கள் ஊர்த் தாய்மார்கள் உறுதியாக நம்பினார்கள். அதனால் பிள்ளை தவழ ஆரம்பித்ததும் வீட்டில் சண்டை ஆரம்பித்துவிடும்.

பிலிப்பா வீட்டுச் சண்டையை நான் பியானோ முன்னால் உட்கார்ந்தபடியே கேட்டேன். அவள் கணவன் ரோலண்ட் அப்போதுதான் காலை உணவுக்கு உட்கார்ந்திருந்தான்.

"நான் ஏழு வயசுல போனேன். பெட்டியோட கொண்டுபோய் ஹாஸ்டல்ல விட்டாங்க. எங்கப்பா கை குலுக்கிட்டுக் கார்ல ஏறிட்டார். எனக்கு என்ன ஆச்சு? ஒண்ணும் ஆகலையே."

சொல்லிக்கொண்டே, முட்டையில் தொட்டுக்கொள்ள ரொட்டியைப் பட்டை பட்டையாக வெட்டிச் சிப்பாய்கள் மாதிரி வரிசையாக நிறுத்தினான். வரிசை கொஞ்சம் கோணினாலும் அவனுக்கு முட்டை இறங்காது.

"ஏழுல இடம் இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றது, ரோலண்ட்?"

"பக்கத்து வீட்ல என்ன பண்றாங்க?"

"கிரெசிடாவா? ஏழு வரைக்கும் ஊர்ப் பள்ளிக்கூடம்தான்னு சொல்றா. குழந்தை குழந்தையா இருக்கட்டுமேங்கறா."

நான் 'டொங்' என்று ஒரு கட்டையை அழுத்தினேன். சிரிப்பை மறைக்க வேறு வழி தெரியவில்லை. அன்று காலையில்தான் கிரெசிடா வீட்டில் அவள் மகன் ஹெக்டருக்கு ஒரு மணி நேரம் பாடம் நடத்திவிட்டு வந்திருந்தேன். அந்த வீட்டில் நான் தேனீ வளர்ப்பவன். தோட்டத்தில் காலிப் பெட்டி ஒன்றை வைத்து, முகத்தை மூடும் வலைத்தொப்பியை என் தலையில் மாட்டி, அதோடு தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவிடுவாள். தொப்பியைக் கழற்ற அனுமதி கிடையாது. ஹெக்டருக்கு எனக்கு முகம் உண்டு என்பதே அன்றுவரை தெரியாது.

இன்னும் நாலு வீடுகள் உண்டு. ஒன்றில் கடிகாரம் ரிப்பேர் செய்பவன், ஒன்றில் ரோஜாச் செடி கத்தரிப்பவன், ஒன்றில் ஒயின் ருசி பார்ப்பவன். கடைசி வீட்டில் மட்டும் என்னவென்று சொல்ல அவர்களுக்கே எதுவும் தோன்றவில்லை. நெருங்கிய சொந்தம் என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வுக்குப் பிறகு நான் இத்தனை தொழில் கற்றுக்கொண்டேன் என்று ஊரே நம்பியது. அதாவது, நம்புவதாக ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளைத் தயவுசெய்து தயார் செய்து அழைத்து வராதீர்கள் என்று பெல்வெதரில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். குழந்தை இயல்பாக விளையாடுவதைப் பார்த்தே சேர்ப்பார்களாம். ஆகவே நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் இயல்பாக இருப்பது எப்படி என்பதைத்தான். வலது முட்டியில் மட்டும் கொஞ்சம் சேறு. தலை கலைந்திருக்க வேண்டும், ஆனால் சிக்கு இருக்கக் கூடாது. தலைமையாசிரியரின் நாயைப் பார்த்தால் தட்டிக்கொடுக்க வேண்டும், முகத்தை நக்கவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே ஒரு மர ரயில் வைப்பார்கள். அது கைக்கு வந்ததும் பக்கத்திலிருக்கும் குழந்தையிடம் நீட்டி, "முதல்ல நீ விளையாடு" என்று சொல்ல வேண்டும். தலைமையாசிரியர் கிராப்ட்ரீ அதில் உருகி வெண்ணெயாகிவிடுவார் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

பிலிப்பாவின் மகன் பார்னபிக்கு இந்தப் பாடம் ஏறவே இல்லை. அவனுடைய இரண்டு முட்டியிலும் சேறு, காதுக்குள்ளும் சேறு. சட்டைப் பையில் மண்புழுக்கள். அவற்றுக்குப் பெயர் வைத்து, பாடத்தின் நடுவே எழுந்துபோய் ஒவ்வொன்றாகத் தூங்க வைத்துவிட்டு வருவான். ரயிலைக் கொடுத்தால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "என்னோடது" என்பான்.

"முதல்ல நீ விளையாடுன்னு சொல்லணும், கண்ணு."

"ஏன்?"

"அதுதான் மரியாதை."

"எனக்கு விளையாடணுமே."

இதற்குப் பதில் தெரிந்தவர்கள் இங்கிலாந்தில் யாருமில்லை. இருந்தாலும் வாரக்கணக்கில் முயன்றேன். இடது கையில் ரயில், வலது கையால் கிரெசிடாவின் காதுக்காக அந்த ஒரே கட்டை. டொங், டொங். உலகத்திலேயே அதிகமாகச் சுருதி சேர்க்கப்பட்ட கட்டை அதுதான். மற்றக் கட்டைகள் எல்லாம் அபஸ்வரத்திலேயே மூப்படைந்தன.

ஒரு நாள் பாடத்தின் பாதியில் பார்னபி கம்பளத்தில் சுருண்டு, விரலை வாயில் போட்டுத் தூங்கிவிட்டான். பிலிப்பா கதவருகே நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க, மிஸ்டர் விட்லாக். இவன் தயாரா?"

"மண்புழுவுக்கு நல்லாத் தயார்."

அவள் சிரிக்கவில்லை. "எனக்கு இவனை அனுப்ப மனசே இல்லை. ஆனா எல்லாரும் நாலுலயே உள்ள போயிட்டு, இவன் மட்டும் வெளிய நின்னா? நான்தான் கெடுத்தேன்னு ஆயிடும். ரோலண்ட் சொல்ற மாதிரி ஏழு வரைக்கும் வெச்சுக்கலாம்னாலும், ஏழுல அவனும் பெட்டியோட ஹாஸ்டலுக்குப் போகணும்."

"போனா என்ன? அவருக்குத்தான் ஒண்ணும் ஆகலையே" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் டொங் என்று அழுத்தினேன்.

தேர்வு நாள் வந்தது. பழைய ஆசிரியர் என்ற மரியாதைக்காகத் தேநீர் ஊற்ற என்னையும் அழைத்திருந்தார்கள். சுவரோரம் குழந்தைகள் உட்காரும் நாற்காலிகளில் பெற்றோர்கள், முட்டி முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பிலிப்பாவும் ரோலண்டும் உள்ளே வந்து உட்காரப்போனார்கள். அடுத்த நாற்காலியில் கிரெசிடா.

"நீ ஏழுன்னுல்ல சொன்னே?"

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தோம், பிலிப்பா. ஹெக்டர்தான் அந்த நாயைப் பாக்கணும்னு அழுதான்."

"நாங்களும் அப்படித்தான். நாய்க்காகத்தான்."

பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள். கிரெசிடா, "ஓ, மிஸ்டர் விட்லாக். பாத்து எவ்வளவு நாளாச்சு" என்றாள். வலை இல்லாமல் பார்த்ததைத்தான் சொன்னாள் போலிருக்கிறது.

நடுவே தண்டவாளம் போட்டிருந்தது. அதன் ஓரமாக வரிசையாக ஆறு குழந்தைகள். கிராப்ட்ரீ தன் கொழுத்த லாப்ரடார் நாயோடு வந்து, மர ரயிலை ஹெக்டர் கையில் கொடுத்தார். ஹெக்டர் அடுத்த பெண் குழந்தையிடம் அதை நீட்டி, "முதல்ல நீ விளையாடு" என்றான். கிராப்ட்ரீயின் முகம் வெண்ணெயானது. அவள் அடுத்தவனிடம் நீட்டி, "முதல்ல நீ விளையாடு" என்றாள். அவன் அடுத்தவளிடம். அவள் அடுத்தவனிடம். ரயில் தண்டவாளத்தைத் தொடாமலே கைமாறிக்கொண்டே போனது. வெண்ணெய் கொஞ்சம் கெட்டியானது. கிராப்ட்ரீ குனிந்து குழந்தைகளின் முட்டிகளைப் பார்த்தார். வலது முட்டியில் சேறு, வலது முட்டியில் சேறு, வலது முட்டியில் சேறு. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தேநீரைக் கோப்பைக்குப் பதிலாகச் சர்க்கரைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ரயில் பார்னபியிடம் வந்தது. நெஞ்சோடு அணைப்பான் என்றுதான் நினைத்தேன். பாவி, அன்றைக்கென்று பாடம் ஏறிவிட்டது. அடுத்து யாரென்று திரும்பினான். அந்தப் பக்கம் குழந்தை யாருமில்லை. எழுந்து நேராக ரோலண்டிடம் நடந்துபோய் நீட்டினான்.

"முதல்ல நீ விளையாடு, டாடி."

ரோலண்ட் வாங்கினான். தலையைத் தடவித் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டியதுதானே. அவன் ரயிலைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுண்டிப் பார்த்தான். மெதுவாக எழுந்துபோய்த் தண்டவாளத்தின் அருகே மண்டியிட்டான். ஒரு வளைவு சரியாகப் பொருந்தவில்லை, அதைப் பொருத்தினான். பிறகு கோட்டு சூட்டோடு குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரயிலை ஓட்ட ஆரம்பித்தான். வாயாலேயே புகை விட்டான். பாலத்தில் ஒரு சத்தம், சுரங்கத்தில் வேறு சத்தம். நாய் ஓடிவந்து அவன் காதை நக்கியது. அவன் கவனிக்கவேயில்லை.

"இப்ப நான், டாடி."

"இரு. இன்னும் ஒரு ஸ்டேஷன்."

ஸ்டேஷன்கள் வந்துகொண்டே இருந்தன. அந்த நேரத்தில் ரயில் ஸ்காட்லாந்தைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கியிருக்கும்.

"டாடி, என் முறை."

"நீதானே குடுத்தே. குடுத்துட்டுக் கேக்கக் கூடாது."

கிராப்ட்ரீ என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"இவர் நம்ம பழைய மாணவர் இல்லையா? எந்த வயசுல சேர்ந்தார்?"

"ஏழுல."

"ம். நல்லாத்தான் வந்திருக்கார்" என்றார் பெருமையோடு.

பிலிப்பா கணவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை. பார்னபி கம்பளத்தில் தூங்கிய அன்று பார்த்தாளே, அதே பார்வை.

ஆறு குழந்தைகளுக்கும் இடம் கிடைத்தது. இவ்வளவு பணிவான கூட்டத்தை இதுவரை பார்த்ததில்லை என்று கிராப்ட்ரீ எல்லோரிடமும் சொன்னார். வேறென்ன சொல்வார், யாரை நிராகரிப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

என் கடைசிச் சம்பளத்தை வாங்க நான் போனபோது பிலிப்பா முடிவைக் கணவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேணாம்னு சொல்லிட்டேன்."

"பெல்வெதரையா? யாராவது பெல்வெதரை வேணாம்னு சொல்வாங்களா?"

"நாலும் வேணாம், ஏழும் வேணாம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போகட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரட்டும்."

"அதிகமா யோசிக்கறே, பிலிப்பா. எனக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்தவன் மூக்குத் துடைக்கக் கோட்டுப் பையில் கைவிட்டான். கைக்குட்டையோடு பெல்வெதரின் மர ரயிலும் வந்தது.

மேஜைமேல் அதை வைத்தான். மூன்று பேரும் அதைப் பார்த்தோம். ஆரம்பித்த வாக்கியத்தை அவன் முடிக்கவேயில்லை.

"சாயங்காலம் எத்தனை மணிக்கு வருவான்?" என்று மட்டும் கேட்டான்.

பெல்வெதரில் கிடைத்த இடத்தை ஒருத்தி வேண்டாம் என்றுவிட்டாள் என்பது இரண்டாவது தெரு போவதற்குள், பிள்ளையைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்புகிறாள் என்று ஆகிவிட்டது. அரண்மனைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி என்றார்கள் சிலர். கதவில் பெயர்கூட எழுதாத பள்ளியாம், அவ்வளவு உயர்வாம். கிரெசிடா பொறுக்க முடியாமல் என் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

"மறைக்காதீங்க. பார்னபி எங்க போறான்?"

"ஊர்ப் பள்ளிக்கூடம்."

"நான் சின்னப் பிள்ளை இல்லை, மிஸ்டர் விட்லாக்."

"சத்தியமா அங்கதான். சர்ச்சுக்குப் பின்னாடி இருக்கே, அதே."

யோசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அங்க சேர என்ன பாக்கறாங்க?"

"ஒண்ணும் பாக்க மாட்டாங்க. போனா சேத்துப்பாங்க."

"ஒண்ணுமே பாக்கலைன்னா அதுக்கு எப்படிங்க பிள்ளையைத் தயார் பண்றது?" என்றாள்.

இப்போது பிற்பகல்களில் நான் அந்தத் தெரு வழியாக நடந்துபோவதுண்டு. பிலிப்பா வீட்டு ஜன்னல் திறந்திருக்கும். அவள் ஒரு கையில் புத்தகத்தை வைத்துப் படித்துக்கொண்டே, மறு கையால் அவ்வப்போது கிரெசிடாவின் காதுக்காக டொங் என்று அந்த ஒரே கட்டையை அழுத்துவாள். தோட்டத்தில் பார்னபி பள்ளிச் சட்டையோடு மண்புழுக்களைத் தூங்க வைத்துக்கொண்டிருப்பான். சனிக்கிழமைகளில் ரோலண்டும் புல்லில் குப்புறப் படுத்திருப்பான். அவனுக்கென்று தனியாக ஒரு ரயில் வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் கிரெசிடா ரோஜாவைக் கத்தரிக்கும் பாவனையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள். ஒவ்வொரு டொங்குக்கும் அவள் முகம் ஒரு சுற்று வெளுக்கும்.

நேற்று என்னைக் கையசைத்து நிறுத்தினாள்.

"தேனீங்க மறுபடியும் தொல்லை பண்ணுது, மிஸ்டர் விட்லாக். நாளைக்கு வந்து பாக்க முடியுமா?"

வீட்டுக்கு வந்து வலைத்தொப்பியைத் தூசி தட்டி வைத்தேன்.