ஒட்டாத கால்

சகாயசெல்வி ரேஷன் கடைக்குப் போய்த் திரும்பியபோது, அவள் புருஷன் சவரிமுத்து மேசை முன்னால் உட்கார்ந்து அந்தப் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்து இருபத்தோரு நாள்தான் ஆகியிருந்தது. கரண்ட் வேலை பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

அது ஒரு பழைய ஆசிலாஸ்கோப். மின்சாரத்தின் துடிப்பை வட்டத் திரையில் பச்சைக் கோடாகக் காட்டும் வால்வுப் பெட்டி. யாரோ உதிரிபாகங்களாகத் தபாலில் வாங்கி, வீட்டிலேயே உட்கார்ந்து பற்றவைத்தது. குயிலாப்பாளையத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டைக் காலி செய்தபோது குப்பையில் கிடந்தது. உப்பளத்து மோட்டார்களைப் பழுதுபார்க்கும் சவரிமுத்து அதைத் தூக்கிவந்து, இரண்டு வருஷமாக ஒவ்வொரு பாகமாக மாற்றியிருந்தார். ஒருமுறைகூடக் கரண்ட் கொடுத்துப் பார்க்கவில்லை. அதற்குள் ஆஸ்பத்திரி.

அவள் கத்தவில்லை. ஸ்க்ரூ டிரைவரை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“போய் வாசப்படிகிட்ட உக்காருங்க. என்ன செய்யணும்னு சொல்லுங்க. நான் செய்றேன்.”

“உனக்கு என்ன தெரியும் செல்வி?”

“நான் இல்லாதப்ப இதத் தொடுவீங்கன்னு தெரியும்.”

மழையில் உப்பளம் மூழ்கிக் கிடந்தது. அங்கே உப்பு வாரும் அவளுக்கும் வேலை இல்லை. சர்க்யூட் படத்தை மடியில் விரித்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல, அவள் சுவிட்சைப் போட்டாள். வால்வுகள் சிவந்தன. திரை இருட்டாகவே இருந்தது. பிளக்கைப் பிடுங்கினாள்.

“புடுங்கிட்டாலும் உள்ள கண்டென்சர்ல கரண்ட் நிக்கும். ஆளையே தூக்கிடும். இடது கைய முதுகுக்குப் பின்னால வெச்சுக்கோ, ரெண்டு கையும் பட்டா நெஞ்சு வழியாப் பாயும்.”

அவர் சொன்னபடி ஸ்க்ரூ டிரைவர் நுனியில் ஒரு வயரைச் சுற்றி, மறுமுனையைப் பெட்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டினாள். பெரிய கண்டென்சரில் வைத்தாள். சின்னதாக ஒரு பொறி தெறித்து, தேங்கிய கரண்ட் இறங்கியது.

“திரை டியூபுக்குப் பின்னால இன்னொரு கண்டென்சர் இருக்குதே?”

“அதுக்கு ரெசிஸ்டர் இருக்குது, கரண்ட்டத் தானா இறக்கிடும். இப்ப கைய விட்டு, அந்த மஞ்ச வயரு லூசான்னு பாரு.”

உப்பில் வெடித்த விரல்கள் வியர்த்திருந்தன. உள்ளே கொண்டுபோனவள் பாதியில் நின்றாள்.

“ஏங்க, ரெசிஸ்டருக்கு ஒரு காலு எங்கயும் ஒட்டல. சும்மா சாஞ்சிருக்குது.”

“படத்துல ஒட்டியிருக்குதே.”

“பெட்டியில ஒட்டலயே.”

சவரிமுத்து படத்திலிருந்து வெடுக்கென்று நிமிர்ந்தார். “கைய எடு. செல்வி, கைய எடு!”

கையை எடுத்துவிட்டு அந்தக் கண்டென்சரில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தாள். பட்டாசு போல வெடித்தது. அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடிவந்தார்.

“அங்கயே நில்லுங்க!”

கரிந்த நுனியை அவள் பார்த்தாள். கடையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால், இவர் தனியாகச் சுவிட்சைப் போட்டு, தனியாகப் பிடுங்கி, படத்தை நம்பி விரலை விட்டிருப்பார். அவர் மனதிலும் அதுதான் ஓடியிருக்க வேண்டும்.

“வேணாம் செல்வி. எடைக்குப் போட்டுடலாம்.”

“போட்டா நாளைக்கு இன்னொண்ணத் தூக்கிட்டு வருவீங்க.” சால்டரிங் அயனைச் சூடாக்கினாள். “எங்க ஒட்டணும், சொல்லுங்க.”

முதல் தடவை ஈயம் உருண்டு விழுந்தது. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. லூசாகிக் கிடந்த மஞ்சள் வயரையும் பற்றவைத்து, மூடியை முடுக்கி, பெட்டியைத் திருப்பிவைத்துச் சுவிட்சைப் போட்டாள்.

திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கழுத்தை நீட்டினார்.

“என்ன தெரியுது?”

அவள் திரையை நோக்கிக் குனிந்தாள்.

“செல்வி, உன்னத்தான் கேக்கறேன்.”

அவள் கன்னத்தில் மெல்லப் பச்சை வெளிச்சம் ஏறி, நிலைகொள்ளாமல் நடுங்கியது.