ஆறாவது கை

காலையில் தைத்து முடித்த ரவிக்கையின் நூலொன்று முந்தானையில் ஒட்டியிருந்தது. தையல்காரி அதை எடுக்கவில்லை. மன்ற மண்டபத்தின் எதிர்ச்சுவரில் தொங்கிய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நகராட்சிகள், மூன்று நிறங்கள். ஒன்றின் காலை ஒன்று வாரியே நொடித்துப்போன மூன்று ஊர்களும், கூடினால்தான் பிழைப்பு என்று கைகோத்த நாள் அது. முதல் ஊருக்குத் தொழிற்பேட்டை. இரண்டாம் ஊருக்கு லாரி நிலையம். மூன்றாம் ஊருக்கு அத்தனையின் கழிவும். மூன்றாவது அவளுடைய ஊர். கழிவு கொட்டவென்று சிவப்பு வட்டம் விழுந்திருந்த இடம், அவளை உறுப்பினராக்கி அனுப்பிய தெருவின் கோடி. வரைபடத்தில் அந்தத் தெருவே இல்லை.

அவள் ஊர் மன்றத்தில் பதினொரு பேர். திட்டத்துக்கு ஐவர் ஆதரவு, ஐவர் எதிர்ப்பு; மிச்சம் அவள்.

"நாப்பது பேருக்கு வேலைம்மா," என்று காதருகே குனிந்தார் தலைவர். "உங்க தெருவுக்குத்தான் முதல்ல."

காலையில் கிணற்றடியில் நாத்தனார் வாளியை இடித்து வைத்துச் சொன்னாள்: "அண்ணி, நீங்க கையத் தூக்குனா அப்புறம் இந்தத் தண்ணிய நீங்க மட்டும்தான் குடிக்கணும்." கணவனோ, மூன்றாண்டுகளுக்கு முன் பூட்டிய ஆலைக்குப் போட்டுச் சென்ற சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருந்தான்.

நியாயமான பங்கீடு என்றார்கள். அந்த நியாயத்துக்கு எத்தனை மெத்தை நாற்காலிகள்! நாற்றத்தை முகரப்போகிறவர்களுக்கு அங்கே ஒரு முக்காலியேனும் உண்டா? இப்படியெல்லாம் அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"ஆதரிக்கிறவங்க?" என்றார் தலைவர்.

கைகள் உயர்ந்தன. அவற்றுள் ஒன்று தன்னுடையது என்பதை, வளையல் சரிந்த ஓசையால்தான் அறிந்தாள். கைதட்டினார்கள். கைகள் இறங்கின.

"அக்கா, நீங்க தூக்குறதுக்குள்ள எடுத்துட்டேன்," என்றார் புகைப்படக்காரர். "எல்லாரும் இன்னொரு தடவை!"

"என்னய்யா, கல்யாண வீடா இது?" என்றார் தலைவர். மண்டபம் சிரித்தது.

"நல்லதாப் போச்சு," என்றார் செயலாளர். "நானும் எண்ணல. எண்ணித்தான் எழுதணும்."

கைகள் மீண்டும் உயர்ந்தன. செயலாளர் பேனா முனையால் எண்ணி, ஐந்தில் நின்றார்.

"அம்மா?"

மடியில் கிடந்த அவள் கை, முந்தானையின் நூலைத் தானே கண்டெடுத்திருந்தது. ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று; இன்னொரு சுற்று. நுனி சிவந்தது, பிறகு வெளுத்தது. அதில் வலி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிரே ஐந்து கைகள் இறங்காமல் நின்றன.