பன்னிரண்டு பேரின் நகம்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நகக்காரி என்று பெயர். ஊராருடைய நகத்தைக் கழுவி, உலர்த்தி, பொடியாக நறுக்கி, அமிலத்தில் கொதிக்கவைத்து, எந்த அமினோ அமிலம் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து கொடுப்பவள். ஏழு வருடத்தில் நான்கு கட்டுரைகள் வந்துவிட்டன. ஒன்றில்கூட அவள் பெயர் இல்லை. "இவ்ளோ வேலை செய்யறீங்களே அண்ணி, எங்கயாவது உங்க பேர் வந்திருக்கா?" என்று நாத்தனார் சிரித்துக்கொண்டே கேட்பாள். அந்தச் சிரிப்பு நறுக்கென்று தைக்கும்.

இந்த முறை, நகம் நொறுங்கும் நோயாளிகள் பன்னிரண்டு பேர். நகத்தில் சிஸ்டைன் என்றொரு அமினோ அமிலம் உண்டு. அப்படியே கொதிக்கவைத்தால் சிதைந்துபோகும். அதனால் முதலில் பனிக்கட்டியில் வைத்து, வேறொரு திரவம் ஊற்றி அதைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். நலமானவர்களின் நகத்துக்கு இதை ஒழுங்காகச் செய்தாள். நோயாளிகளின் நகம் வந்த அன்று, "இன்னுமா ஆகல?" என்று ஆய்வுக்கூடத் தலைவர் வாசலில் நின்று விரட்டிய விரட்டில், அந்த வேலையையே மறந்து நேராகக் கொதிக்கவைத்துவிட்டாள்.

முடிவைப் பார்த்ததும் அவளுக்குத் தன் தப்பு புரிந்தது. தலைவருக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"நோயாளிங்களுக்கு சிஸ்டைன் பாதிதான் இருக்கு! நான் அப்பவே சொல்லல?"

"சார், அது நோய் இல்ல. என் தப்பு. பனிக்கட்டில வைக்காம கொதிக்க வெச்சுட்டேன். திரும்பச் செய்யணும்."

"மிச்ச நகம் இருக்கா?"

"இல்ல சார். வளர்ந்து வெட்டணும். மூணு மாசமாவது ஆகும்."

"மாநாடு வெள்ளிக்கிழமை."

"இதை நம்பி யாராவது மருந்து குடுத்துட்டா?"

தலைவர் கதவைச் சாத்தினார். ஏழு வருடமாக நிற்கவைத்தே பேசிய மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உக்காரும்மா. உன் உழைப்பை நாங்க கண்டுக்கவே இல்ல. இந்தக் கட்டுரைல உன் பேரும் வருது."

பாராட்டு வந்த நேரத்தைப் பாருங்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை அவளுக்குத் தெரியாதா? பெயர் வந்துவிட்டால் அப்புறம் வாயைத் திறக்க முடியாது. எழுந்து போய்விட வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, எழவில்லை.

அவர் நீட்டிய தாள்களை வாங்கினாள். எண்கள் இருந்த பக்கத்தைத் தள்ளிவிட்டு, தன் பெயர் எத்தனையாவது என்றுதான் தேடினாள். மூன்றாவது.

"ரெண்டாவதா போடக் கூடாதா சார்?" என்று கேட்டாள்.