அவளை மட்டும் மறந்த பூட்டு

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் அந்த விடுதியில் வார்டனுக்குப் பெண்கள் வைத்த பெயர் சைரன். காலையில் அவள் கீழே நின்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று மாடியும் எழுந்து உட்காரும். வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. ஆகவில்லையே என்று கவலைப்படும் பொறுப்பை அண்ணியிடம் ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். விடுதியும் அண்ணியுடையதுதான்.

மாடிப்படிக் கதவுக்குப் போன வருடம் அண்ணி அட்டைப் பூட்டு வாங்கி மாட்டினாள். கம்பியும் கிடையாது, கம்ப்யூட்டரும் கிடையாது. யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பதெல்லாம் அந்தப் பூட்டின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும். அதற்குச் சேதி சொல்ல இரண்டு அட்டைகள். பச்சையைக் காட்டிவிட்டு ஒருத்தியின் அட்டையைக் காட்டினால் அவளைச் சேர்த்துக்கொள்ளும். சிவப்பைக் காட்டிவிட்டுக் காட்டினால் அவளை மறந்துவிடும். அவ்வளவுதான் வித்தை. இரண்டும் வார்டனின் கழுத்துப் பட்டையில் தொங்கின. விடுதியில் வேறு யாரும் அவற்றைத் தொட்டதில்லை.

மாட்டின சில வாரங்களிலேயே பூட்டுக்கு ஒரு விசித்திர வியாதி வந்தது. சமையல்காரம்மாவை ஞாபகம் வைத்திருந்தது, அறைக்கு அறை பெண்களை ஞாபகம் வைத்திருந்தது. வார்டனை மட்டும் மாதம் தவறாமல் மறந்தது. சைரன் மேலே ஏறி வர முடியாத நாளென்றால் மாடியில் ஒரே கொண்டாட்டம். வார்டன் கம்பெனிக்குப் போன் போடுவாள். மறுநாள் தோளில் பையோடு மெக்கானிக் வந்து நிற்பார்.

நாற்பதைத் தாண்டியவர், அளந்து பேசுகிற மனிதர். அவளிடமிருந்து பச்சையை வாங்கிக் காட்டி, அவள் அட்டையைக் காட்டி, கண் மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடுவார். பிறகு, "இதை நீங்களே பண்ணிக்கலாங்க. இப்படி வைங்க, பீப்னு சத்தம் வந்ததும் இப்படி" என்று முதல் தடவை சொல்வதுபோலச் சொல்லிக்கொடுப்பார்.

"எனக்கு இந்த மெஷின் சமாசாரமெல்லாம் மண்டையில ஏறாதுங்க" என்று வார்டன் டீயை நீட்டுவாள். மூன்று மாடியை எழுப்பும் அந்தக் குரல் அன்றைக்கு எங்கே போய் ஒளிந்துகொள்ளுமோ! அவரும் அந்த ஒரு டம்ளர் டீயை ஏதோ மருந்து குடிப்பதுபோல வாய் வாயாகக் குடித்து, வெயில் தாழும்வரை உட்கார்ந்திருப்பார்.

மண்டையில் ஏறாதவள் என்ன செய்வாள் தெரியுமா? புதிதாக ஒரு பெண் வந்து ஆட்டோவிலிருந்து பெட்டியை இறக்குவதற்குள் அவள் அட்டையைப் பூட்டில் சேர்த்து முடித்திருப்பாள். பெண்கள் என்ன விரல் சூப்பும் குழந்தைகளா?

"ஏன்க்கா, பூட்டு உங்களை மறுபடியும் மறந்துடுச்சாமே?"

"போங்கடி வேலையைப் பாத்துக்கிட்டு."

"பூட்டு மறந்தா மறக்கட்டும்க்கா. மெக்கானிக் மறக்காம இருந்தா போதாதா?"

சுற்றி வளைப்பானேன். சிவப்பு அட்டையைக் காட்டித் தன்னைத் தானே அழித்துக்கொண்டவள் வார்டன்தான். அவளுக்கு அந்த மனிதரைப் பார்க்க வேண்டும். அதற்கு வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை.

இந்த மாதமும் அவர் வந்து கதவருகே பையைத் திறந்த நேரம், அண்ணி உள்ளே நுழைந்தாள். கையில் போன்.

"வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. மாசாமாசம் வர்றீங்க, போறீங்க, பூட்டு அப்படியேதான் கிடக்கு. இந்த ஆளுக்கு வேலை தெரியல, வேற ஆளை அனுப்புங்கன்னு உங்க கம்பெனியில சொல்லிட்டேன். உங்க முதலாளியே இப்ப பேசறேன்னு சொல்லியிருக்காரு."

மெக்கானிக்கின் முகம் சுண்டிப்போனது. "இந்தப் பூட்டாலயே ஏற்கெனவே என் பேர்ல ரெண்டு புகார் இருக்குங்கம்மா. இதுவும் சேர்ந்தா என்னைக் குடோன்ல உக்கார வச்சிடுவாங்க. அப்புறம் வெளி வேலையே கிடையாது" என்றார்.

தான் போட்ட ஒவ்வொரு போனும் அவர் தலையில் போய் விழுந்திருக்கிறது என்பது இத்தனை நாளும் வார்டனுக்குத் தோன்றவே இல்லை. வாயை மூடிக்கொண்டால் அவர் பிழைப்பு போகும். திறந்தால் தன் மானம் போகும். மாடிக் கைப்பிடியில் சாய்ந்தபடி மேலே பெண்கள் வேறு ஒரு வரிசையாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணியின் போன் அடித்தது.

"எடுக்காதீங்க அண்ணி! பூட்டுல ஒண்ணும் கோளாறு இல்ல. என் கார்டை நான்தான் அழிச்சேன்."

"என்னது?"

"இப்ப மட்டுமில்ல. ஒவ்வொரு தடவையும் நான்தான்."

"உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஏன்டி அழிச்சே?"

வார்டன் தரையைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டாள். "இவர் வரணும்னுதான்" என்றாள். அது சைரன் குரலில் வந்து தொலைத்தது. மூன்றாவது மாடிவரை கேட்டது.

மேலே ஒருத்தி விசிலடிக்கப் போக, இன்னொருத்தி அவள் வாயைப் பொத்தினாள். போன் விடாமல் அடித்தது. அண்ணி நாத்தனாரை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை வருடக் கவலை இப்படியொரு கதவடியில் வந்து நிற்கும் என்று அவள் கண்டாளா? போனை எடுத்தாள்.

"ஆமா சார், நான்தான் புகார் சொன்னேன். தப்பு எங்க பக்கம். பூட்டு நல்லாத்தான் இருக்கு. ஆளும் நல்ல ஆளாத்தான் தெரியுது. புகாரை அடிச்சிடுங்க, பழைய ரெண்டையும் சேர்த்து." போனை வைத்துவிட்டு மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள். "இவ செஞ்ச கூத்து உங்களுக்குத் தெரியாதா?"

"முதல் தடவையே தெரியுங்கம்மா. அந்தப் பூட்டு தானா யாரையும் மறக்காது."

"அடப்பாவி மனுஷா! அப்ப கம்பெனியில சொல்றதுக்கென்ன? வேலை தெரியாதவன்னு பேர் வாங்கிக்கிட்டு நிக்கறீங்களே?"

அவர் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றார்.

"சொல்லியிருந்தா, அடுத்த மாசம் என்னை இங்க அனுப்ப மாட்டாங்களேங்க" என்றார், அண்ணிக்குச் சொல்ல வேண்டிய பதிலை வார்டனைப் பார்த்து.