குமிஞைக்கு நான்கு பொருள்

'உடையும் பொருள், கவிழ்க்காதே' என்று எழுதிய அட்டைப்பெட்டியின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். நாற்காலிகளையெல்லாம் காலையிலேயே கயிறு போட்டுக் கட்டியாகிவிட்டது. எதிரே 'போர்வை, துணிமணி' என்று எழுதிய பெட்டியின் மேல் மச்சான், என் மனைவியின் அண்ணன். அவருடைய வீடு, அவருடைய பெட்டிகள்; ஆகவே மெத்தென்ற பெட்டியை அவர் எடுத்துக்கொண்டார். நடுவில் மேசை. அதை மட்டும் கடைசியில் ஏற்றலாம் என்று என் மனைவி சொல்லிவிட்டாள். லாரி நாலரைக்கு வரும், மணி மூன்று, ஒரு ஆட்டம் போட நேரமிருக்கிறது என்பது அவள் கணக்கு. சாயங்கால ரயிலில் மச்சான் மகள் வீட்டுக்குப் போகிறார். ஒன்றரை நாள் பயணம். திரும்பி வரும் உத்தேசம் இல்லை. பதினோரு வருடமாக ஒரு ஞாயிறு விடாமல் நாங்கள் ஆடிய ஆட்டத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

அதே பதினோரு வருடமாக நானும் மச்சானும் ஒரு வார்த்தை நேராகப் பேசிக்கொண்டதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆட்டம் ரொம்ப எளிது. ஒருவர் நடுவர். அவர் அகராதியைப் புரட்டி, யாருக்கும் தெரியாத ஒரு சொல்லைப் பிடிப்பார். மற்றவர்கள் அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு பொய்ப் பொருளைச் சீட்டில் எழுதித் தர வேண்டும். நடுவர் உண்மைப் பொருளையும் ஒரு சீட்டில் எழுதி, எல்லாவற்றையும் கலந்து, ஒரே குரலில் படிப்பார். பிறகு 'ஒன்னு, ரெண்டு, மூணு' என்றதும் எத்தனையாவது சீட்டு உண்மை என்று எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் காட்ட வேண்டும். உண்மையைப் பிடித்தால் இரண்டு புள்ளி. உங்கள் பொய்யை இன்னொருவர் நம்பினால் உங்களுக்கு ஒரு புள்ளி. கடைசியில் நடுவர் அகராதியைத் திருப்பி, அந்தச் சொல்லின் மேல் விரல் வைத்துக் காட்டியாக வேண்டும். இது மச்சான் கொண்டுவந்த விதி. என்னை நம்பாததால் கொண்டுவந்தது.

நம்பாததில் நியாயம் உண்டு. தேர்வு வாரியத்தில் முப்பத்தி நான்கு வருடம் நான் செய்த வேலை, கேள்விக்கு அ, ஆ, இ, ஈ என்று நான்கு விடை எழுதுவது. சரியான விடையை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அது புத்தகத்திலேயே இருக்கிறது. மீதி மூன்றில்தான் ஆளின் திறமை தெரியும். பார்த்தால் உண்மையைவிட உண்மையாக இருக்க வேண்டும், தொட்டால் சுட வேண்டும். என்னுடைய 'இ'க்களை நம்பி டாக்டராகாமல் போனவர்களை வரிசையில் நிறுத்தினால் வரிசை கடலுக்குள் இறங்கிவிடும். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். அவள் எப்போதும் குறைத்தே சொல்வாள்.

மச்சான் மருந்துக்கடை வைத்திருந்தவர். தராசு மாதிரி மனிதர். கடையின் இருபத்தைந்தாம் வருட விழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குக் கை கால் எல்லாம் வாயாகிவிடும். ஒருவர் இருமல் மருந்து கேட்டு வந்ததாகவும், மச்சான் அவசரத்தில் கூந்தல் தைலத்தைக் கொடுத்துவிட்டதாகவும், அவருக்கு இருமல் நின்று தொண்டையில் முடி முளைத்ததாகவும், இப்போது அவர் மாதம் ஒரு முறை சலூனில் வாயைத் திறந்து உட்காருவதாகவும் ஒரு கதை விட்டேன். சிரிப்பில் கூரை பறந்தது. மச்சானும் சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து கடைக்கு வருகிறவர்கள் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார்கள். "தைலம் இல்லையே?" என்று முதலில் வேடிக்கைக்குக் கேட்டார்கள், பிறகு நிஜமாகவே கேட்டார்கள். இரண்டு வருடத்தில் கடையை மூடினார்.

அதற்குள் வாரியத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. நான் ஓய்வு பெறுவதற்கு முன் தயாரித்த கடைசி வினாத்தாளில், பதினேழாம் கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் இருக்கின்றன என்று. இருந்தன. வினாத்தாளை ரத்து செய்தார்கள். வழியனுப்பு விழாவில் மேலதிகாரி எனக்கு இரண்டு விரலால் கை கொடுத்தார். கடிதத்தைப் பார்த்ததுமே யார் எழுதியது என்று தெரிந்துவிட்டது. வரிசை எண் போட்டு, அளவாக, மருந்துச்சீட்டு மாதிரி இருந்தது. 'மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் மறுபடி எழுதவும்' என்று மட்டும்தான் போடவில்லை. அன்றோடு இரண்டு பேரும் வாயை மூடினோம். அவர் மன்னிப்புக் கேட்கட்டும் என்று நான். நான் கேட்கட்டும் என்று அவர்.

இதற்கு என் மனைவி கண்டுபிடித்த வைத்தியம்தான் இந்த ஆட்டம். பேசாவிட்டாலும் ஒரே மேசையில் உட்காருவார்கள் அல்லவா? உட்கார்ந்தோம். பேச வேண்டியதெல்லாம் அவள் வழியாகப் போய் வந்தது.

"பாப்பா, உன் வீட்டுக்காரர் சீட்டு ஓரத்துல கிழிஞ்சிருக்கு. அடையாளம் தெரியுதுன்னு சொல்லு."

"உங்க அண்ணன்கிட்ட சொல்லும்மா, அவர் எழுதறதுக்கு அடையாளமே தேவையில்லன்னு."

தேவையில்லைதான். அறுபது வயதுத் தங்கையை இன்னும் பாப்பா என்று கூப்பிடும் அந்த மனிதருக்கு எந்தச் சொல்லைக் கொடுத்தாலும் மருந்தாகிவிடும். அன்று முதல் சுற்றில் வந்த 'ஞிமிறு' என்ற சொல்லுக்கு, 'தேனில் குழைத்து, இருவேளை, வெறும் வயிற்றில் கொடுக்கப்படும் கசப்புப் பொடி' என்று ஒரு சீட்டு வந்தது. கையெழுத்து போட்டுக் கொடுத்திருக்கலாம். ஞிமிறு என்றால் வண்டு.

நான்காவது ஆள் மாடிவீட்டுப் பல் டாக்டர். முப்பத்தைந்து வயது, கெட்டிக்காரி, ஆனால் பொய் சொல்ல வராது. எதைக் கொடுத்தாலும் வாய்க்குள்ளேயே சுற்றி வருவாள். இரண்டாவது சுற்றில் மச்சான் 'அலவன்' என்று ஒரு சொல் கொடுத்தார். 'கடைவாயில் தாமதமாக முளைக்கும் பல்' என்று எழுதினாள். நான், 'மன்னர் குளிக்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே அவர் பாட்டுக்குத் தலையாட்டும் ஊழியன்' என்று எழுதினேன். அவள் அதை நம்பி விரலை நீட்டினாள்.

"ராஜான்னா பாடத்தானே செய்வாங்க, சார்," என்றாள்.

அலவன் நண்டு. மூன்றாவது சுற்றுக்கு நான் நடுவர். நான் கொடுத்த சொல்லை மச்சான் மூக்கால் முகர்ந்தே கண்டுபிடித்துவிட்டார். ஆக அவர் என்னைவிட ஒரு புள்ளி முன்னால். மீதி ஒரே ஒரு சுற்று. நடுவர் என் மனைவி.

அட்டை போன அந்தக் கனத்த அகராதியை அவள் மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் புரட்டினாள். அதுவும் மச்சானுடையதுதான், கடையில் இருந்தபோது காற்றுக்குக் கதவை நிறுத்திவைத்தது. கடைசியில் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "குமிஞை," என்றாள்.

அந்தக் கடைசிச் சீட்டில் நான் என் கொள்கைக்கே துரோகம் செய்தேன். என் நடை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மன்னர், யானை, ஊழியன் என்று போனால் பிடித்துவிடுவார்கள். ஜெயிக்க வேண்டுமானால் அகராதி மாதிரியே வறண்டு போக வேண்டும். 'கொடிவகை' என்று எழுதினேன். ஒரே சொல். எழுதும்போது கை வலித்தது.

அவள் சீட்டுகளைக் கலந்து படித்தாள்.

"ஒன்னு. கொடிவகை."

என் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையாத அமைதி.

"ரெண்டு. பால்பல் விழுந்த இடத்தில் நாக்கு போய்த் தடவும் இடைவெளி." 

பல் டாக்டர் கூரையைப் பார்த்தாள்.

"மூணு. மீன்வகை."

இதுதான் உண்மை என்று அந்த நொடியே முடிவு செய்தேன். கொடிவகை, மீன்வகை, மரவகை என்றுதான் அகராதிக்காரர்கள் எழுதிவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

"நாலு," என்று சொல்லிவிட்டு, அவள் சீட்டைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் படித்தாள். "தவறு இருவர் மேலும் இருக்க, மற்றவர் முதலில் வாய் திறக்கட்டும் என்று இருவரும் ஓரிடத்திலேயே காத்திருக்கும் நிலை."

மின்விசிறியைக்கூடக் கழற்றிவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறையில் அப்படி ஒரு புழுக்கம். ஒன்று என்னுடையது. இரண்டு டாக்டருடையது. மூன்று அகராதி. அப்படியானால் நான்காவது? மருந்தில்லை, தேனில்லை, இருவேளை இல்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிதர் மருந்துக்கு வெளியே ஒரு வாக்கியம் எழுதியிருக்கிறார். 'இருவர் மேலும்' என்று எழுதியிருக்கிறார். கிளம்பிப் போகும் நாளில், சீட்டில் எழுதி, தங்கை வாயால் படிக்கச் சொல்லி என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்தேன். செருப்பு சரியாகத்தான் இருந்தது.

மூன்று விரல் காட்டினால் நான் ஜெயிப்பேன். நான்கு காட்டினால் அவருக்கு ஒரு புள்ளி போகும், நான் தோற்பேன். தெரிந்தே ஒருவர் பொய்க்கு நான் புள்ளி கொடுத்ததில்லை. பெற்ற மகனுக்கே கொடுத்ததில்லை.

"ஒன்னு, ரெண்டு, மூணு," என்றாள்.

நான்கு விரல் காட்டினேன். டாக்டர் மூன்று காட்டினாள். மச்சான் நான்கு காட்டினார்.

"மச்சான்," என்றேன். பதினோரு வருடம் பூட்டிவைத்த சொல், துருவோடு வந்தது. "போகட்டும். நான் மன்னிச்சுட்டேன்."

அதே மூச்சில் அவரும், "விடுங்க மாப்ளே, மன்னிச்சாச்சு," என்றார்.

இரண்டு பேரும் பெருந்தன்மையோடு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் புருவம் மெல்ல இறங்கியது.

"நீங்க என்ன மன்னிக்கிறது? எழுதினதே நீங்கதானே?"

"நானா? நான் எழுதினது கொடிவகை."

"கொடிவகை அகராதியில இருக்கறது இல்லையா?"

"மீன்வகைதானே அகராதி?"

"அது என்னுது, மாப்ளே. கடைசி ஆட்டமாச்சே, ஜெயிக்கணும்னு கொஞ்சம் வறட்டுத்தனமா எழுதினேன்."

"நான் பல்லுதான்," என்றாள் டாக்டர் அவசரமாக. அவளை யாருமே சந்தேகப்படவில்லை.

மூன்று பேரும் என் மனைவியைப் பார்த்தோம். அவள் பதற்றமில்லாமல் பென்சிலை எடுத்தாள். "ரெண்டு பேருக்கும் சரியான விடை. ஆளுக்கு ரெண்டு. மீனை டாக்டர் நம்பிட்டா, அதனால அண்ணனுக்கு இன்னொன்னு. அண்ணன் ஜெயிச்சாச்சு."

"எங்க, திருப்பிக் காட்டு," என்றேன்.

"எதை?"

"அகராதியை. விரல் வச்சுக் காட்டணும். விதி."

"விதிதான் பாப்பா," என்றார் மச்சான். எனக்காக அவர் சொன்ன முதல் சாட்சி.

ஆனால் அகராதி மடியில் இல்லை. காலடியில் திறந்திருந்த பெட்டிக்குள் போயிருந்தது. 'சர்ர்ர்' என்று அவள் ஒட்டுநாடாவை இழுத்து, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று ஒட்டி, போதாததற்கு மூலைகளிலும் ஒட்டி, அந்தப் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்தாள்.

"மன்னிக்கறதுக்கு ரெண்டு பேரும் முண்டியடிச்சிட்டு வந்தீங்க," என்றாள். "கேக்கறதுக்கு யாராவது இருக்கீங்களா?"

டாக்டர் தேநீர் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி மாடிக்கு ஓடிவிட்டாள். வெற்றுச் சுவர்களில் படங்கள் மாட்டியிருந்த இடங்கள் மட்டும் வெளுத்துச் சதுரம் சதுரமாகத் தெரிந்தன. நான் தொண்டையைச் செருமினேன். மன்னர் வந்து நின்றார், யானை வந்து நின்றது. எல்லோரையும் வெளியே போகச் சொன்னேன்.

"அந்தத் தைலக் கதை நடக்கவே இல்ல, மச்சான். நான் கட்டினது. கைதட்டல் வந்துச்சு, அதனால நீட்டினேன். கடை போச்சு. தப்பு."

என் வாழ்நாளில் நான் பேசிய மிகச் சிறிய பேச்சு அதுதான். ஒரு சொல் கூட்டவில்லை.

மச்சான் போர்வைப் பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "அன்னிக்கு நானும் சிரிச்சேன், மாப்ளே," என்றார். "மத்தவங்க சிரிச்சதைப் பொறுத்துக்கலாம். நானும் சிரிச்சேன் பாருங்க, அதைத்தான் பொறுத்துக்க முடியல." சுரண்டுவதை நிறுத்திவிட்டு, "பதினேழாம் கேள்வி..." என்றார்.

"அதுல ரெண்டு விடையும் சரிதான் மச்சான். அது என் தப்பு."

"தப்பு உங்களுது. கடுதாசி என்னுது. ரெண்டு தெரு தள்ளித்தானே இருந்தீங்க. பேரைப் போட்டு எழுதியிருக்கலாம். இல்ல, நேர்ல வந்து கதவைத் தட்டியிருக்கலாம்."

"தட்டியிருந்தா நான் திறந்திருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்," என்றார். அவர் உதடு ஒரு பக்கம் லேசாகக் கோணியது. "சரி, அந்தத் தொண்டை முடிக்காரர், இப்ப எப்படி இருக்காரு?"

"நரைச்சிடுச்சாம்," என்றேன்.

அவர் குலுங்கியதில் போர்வைப் பெட்டி ஒரு பக்கம் அமுங்கிப்போனது.

நூலகத்துக்கு என் வீட்டிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். அங்கே அகராதிகளுக்கென்றே ஓர் அலமாரி இருக்கிறது. 'கு' எங்கே வரும் என்று எனக்குத் தெரியாதா? இன்று வரை நான் போகவில்லை.

லாரி வந்து வாசலில் உறுமி நின்றது. சுமக்கிறவர்கள் இரண்டு பேர் உள்ளே வந்து, மேசையைத் தூக்கினார்கள், போர்வைப் பெட்டியைத் தூக்கினார்கள், நான் உட்கார்ந்திருந்ததையும் என்னை நகர்த்திவிட்டுத் தூக்கினார்கள். கடைசியாக ஒரே ஒரு பெட்டி நடு அறையில் நின்றது. "அம்மா, எழுந்திரிங்க," என்றார்கள். அவள் கேட்ட மாதிரியே தெரியவில்லை. டாக்டர் கொண்டுவந்த தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அது எங்க பெட்டி, நாங்களே தூக்கிக்கறோம்," என்றார் மச்சான் அவர்களிடம். பிறகு என்னைப் பார்த்து, "மாப்ளே, அந்தப் பக்கம் பிடிங்க."

இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர், இரண்டு கிழவர்களும் குனிந்து அட்டைக்கு அடியில் விரல்களை நுழைத்தோம். இருவர் முட்டியும் ஒரே நேரத்தில் சொடக்கு விட்டது. அவள் இறங்கவில்லை. தம்ளரைச் சிந்தாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, தரையிலிருந்து கால்களைத் தூக்கிக்கொண்டாள்.

"எண்ணுங்க," என்றார் மச்சான்.

"நீங்க எண்ணுங்க," என்றேன்.

ஜன்னல் பக்கம் பார்த்தபடி அவள் ஆரம்பித்தாள். "ஒன்னு... ரெண்டு..."