வாயே திறக்காத மெஷின்

1.

இந்தக் கதை நான் யோசித்துப் பிடித்ததில்லை. என்னோடு மூட்டை தூக்கினவன் சொன்னது. திருட்டுச் சரக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

'பனி மூடிய அந்தக் காலையில் அவன் மெல்ல'

வேண்டாம். பனியெல்லாம் இல்லை. லோடுமேனுக்குத் தோள்பட்டை விலகியிருந்தது, அவ்வளவுதான்.

2.

மூட்டை தூக்கக்கூடாது, உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள் என்று டாக்டர், இவன் கம்பெனிக்கு மெயில் அனுப்பிவிட்டார். வரவே இல்லை என்றது கம்பெனி. சாயங்காலத்துக்குள் அந்த மெயில் வராவிட்டால், சொல்லாமல் நின்றுவிட்டவன் என்று பேரை அடித்துவிடுவார்களாம். பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கம்பெனியின் கம்ப்யூட்டர் அறைக்குப் போனான். அங்கே ஏசி உண்டு, கம்ப்யூட்டருக்கு.

கம்ப்யூட்டர்காரர் துழாவிப் பார்த்து, மெயில் ஸ்பேம் பெட்டியில் கிடக்கிறது என்றார். அனுப்பினவர் முகவரி நிஜம்தானா என்று இவர்களுடைய மெயில் வடிகட்டி* நெட்வொர்க்கில் இன்னொரு மெஷினைக் கேட்குமாம். அந்த மெஷின் அன்றைக்கு வாயே திறக்கவில்லை. பதில் வராவிட்டால் போலி என்று வைத்துக்கொள்வதுதான் இங்கே ஏற்பாடு.

(அதே திரையில், உங்களுக்குப் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு மெயில் உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. மோசடிக்காரனுக்கு முகவரியெல்லாம் பக்கா.)

"டாக்டர் மெயிலை எடுத்துக் குடுத்துடுங்களேன் சார்" என்றான் லோடுமேன்.

"மேனேஜர் ஓகே சொல்லணும்ணே. கேட்டு மெயில் போட்டிருக்கேன். பதில் வரலை."

* டீ வடிகட்டிக்கு இந்தப் புத்தி கிடையாது. சந்தேகம் வந்தால் டீயைக் கொட்டிவிடாது.

3.

"அப்ப உங்க மேனேஜரும் போலியா சார்?" என்று கேட்டான் லோடுமேன்.

கேட்கவில்லை. அது நானாக ஏற்றின மூட்டை. அவன் "சரிங்க சார்" என்றுதான் சொன்னான். [இப்படி ஒரு கதாநாயகனை வைத்துக்கொண்டு நான் என்னத்தை எழுதிக் கிழிக்க?] பெண்டாட்டிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏங்க, விலகினது தோளுதானே, நாக்குமா?"

கம்ப்யூட்டர்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே மவுஸைப் பிடித்தார்.

4.

முடிவுகள்:

அ) மேனேஜர் ஓடிவந்து மன்னிப்புக் கேட்கிறார். எழுதின எனக்கே சிரிப்பாக இருக்கிறது.

ஆ) லோடுமேன் மேசையைக் கவிழ்க்கிறான். எந்தத் தோளால்?

இ) கம்ப்யூட்டர்காரர் யாருக்காகவும் காத்திராமல் அந்த மெயிலை வெளியே

இதை நான் முடிக்க மாட்டேன். இந்த மாதிரி மேசைகளுக்கு எதிரே எத்தனையோ வருஷம் நின்றவன் நான். நான் எழுதினால் அவர் மவுஸிலிருந்து கையை எடுத்துவிடுவார். அதனால் மவுஸ் மேல் இருக்கிற விரல் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்துதானே படிக்கிறீர்கள்? அவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.