மூன்று மணிக்கும் மூன்று ஒன்றுக்கும் நடுவே

1991 மார்ச் தொடங்கி ஐந்து வருடங்கள், கனடாவின் ஸ்காபரோவில் காருக்கு இருக்கைப் பட்டி செய்யும் ஒரு தொழிற்சாலையில், பிற்பகல் மூன்று மணிக்கும் மூன்று மணி ஒரு நிமிடத்துக்கும் நடுவில் ஒரு முழு மணித்தியாலம் இருந்தது. அது இக்னேசியசுக்கும் அவர் மனைவி வேரோனிக்காவுக்கும் மட்டும் கிடைத்தது. மற்றவர்களுக்கு அது வழக்கமான நிமிடம்தான்.

மன்னாரிலிருந்து வந்த அந்த இருவரில் மனைவிக்குக் காலை ஷிப்ட், கணவனுக்குப் பின்னேர ஷிப்ட். கைக்குழந்தை நிரோஷினியைப் பார்க்க வேறு ஆள் இல்லாததால் அப்படிக் கேட்டு வாங்கியிருந்தார்கள். மூன்று மணிக்கு வாசலில் பஞ்ச் மெஷினடியில் பிள்ளை கைமாறும். வேலை அட்டையில் வந்த நேரமும் போன நேரமும் குத்தும், மரப்பெட்டியும் பித்தளை முகமுமாக இருந்த அந்த மெஷின், தொழிலாளியின் நேரத்தை நிமிடம் நிமிடமாக அளக்க நூறு வருடத்துக்கு முன் கண்டுபிடித்த சாமான். அதற்கு முன் சனம் வெளிச்சம் வந்தால் வேலை செய்தது, பசித்தால் சாப்பிட்டது. புருசன் வரப் பெண்சாதி போகிற சீரான குடும்ப வாழ்க்கையை உலகத்துக்குத் தந்த பெருமை, நீராவி இயந்திரத்துக்கும் மின்விளக்குக்கும் அடுத்து இந்தப் பெட்டிக்கே சேரும்.

ஒருநாள் பஸ் பிந்தியதால் ஓடிவந்த இக்னேசியஸ், பிள்ளையும் பால்போத்தலும் கையில் இருக்க, இருவருடைய அட்டைகளையும் சேர்த்துத் துவாரத்தில் திணித்துவிட்டார். மணி அடித்தது. வந்தவர்களும் போனவர்களும் எடுத்த காலோடு அப்படியே நின்றார்கள்.

“என்னப்பா செய்தனீங்கள்?” என்றார் வேரோனிக்கா.

“ரெண்டையும் ஒண்டாப் போட்டிட்டன் போல.”

வேறு செய்வதற்கு ஒன்றுமில்லாததால் படியில் இருந்து சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார்கள். பிறகு தினமும் அப்படித்தான். அந்த மணித்தியாலத்தில் சண்டை பிடித்தார்கள், சமாதானமானார்கள். அசையாத கால்களுக்கு இடையில் நிரோஷினி நடை பழகினாள். மணித்தியாலங்கள் சேர்ந்து, பிறப்புச் சான்றிதழை விட ஏறக்குறைய இரண்டு மாதம் மூத்தவளானாள். வகுப்பில் முதலில் பல் விழுந்தது அவளுக்குத்தான்.

1996 கோடையில் பழைய அட்டைகளுக்குப் பதில் மின்னட்டை வந்தது. தமிழரான மேற்பார்வையாளர் எட்வேட் பெட்டியைக் கழற்றிக் குப்பைத் தொட்டியடியில் வைத்தபோது வேரோனிக்கா எல்லாருக்கும் முன்னால் அழுதார்.

“எங்கடை மணித்தியாலத்தையெல்லோ எறியப்போறியள்!”

“அப்ப நீங்கள் கொண்டுபோங்கோ அக்கா. உது வேறை ஆருக்கு வேணும்?” என்றார் எட்வேட்.

பக்கத்து அஜக்ஸ் நகரில் புதிதாக வாங்கிய வீட்டின் குசினிச் சுவரில் அதை மாட்டினார்கள். அதற்குள் இருவருக்கும் ஒரே ஷிப்ட் கிடைத்திருந்தது. அட்டைகளைச் சேர்த்துப் போட்டால் மணி அடித்தது, நிமிடம் நிமிடமாகவே போனது. ஒன்றாக இருப்பவர்களுக்கு அது எதையும் கொடுக்கவில்லை. முழுப் பின்னேரமும் கையில் இருந்தது. அதை டிவி தின்றது. ஆறிய சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்ட அந்தப் படியை நினைத்து இருவரும் தனித்தனியே ஏங்கினார்கள்.

செப்டம்பரில் நிரோஷினி முதன்முதலாக முழுநாள் பள்ளிக்குப் போகவேண்டிய காலை. பஸ் வந்து நின்றது. பிள்ளைக்கு இன்னும் தலை இழுத்துப் பின்னவில்லை, சாப்பிடவில்லை. வாசலில் நின்று சாரதியைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டியவள், “அம்மா, வன் மினிட்” என்று குசினிக்கு ஓடி, தன் பெயர் எழுதிய மட்டை ஒன்றைத் தாயின் அட்டையோடும் தகப்பனின் அட்டையோடும் சேர்த்துத் திணித்தாள்.

மணி அடித்தது. குழாய்த் தண்ணீர் விழுந்தபடியே அந்தரத்தில் நின்றது. இக்னேசியஸ் மேலும் கீழும் பார்த்துவிட்டு முட்டை பொரிக்கப் போனார். வேரோனிக்கா சீப்பை எடுத்துக்கொண்டு மகளுக்குப் பின்னால் அமர்ந்தார். மூவரும் நிறையக் கதைத்தார்கள்.

அவிழ்ந்த தலையோடு வீட்டுக்குள் ஓடிய பிள்ளை, ஒரு நிமிடத்தில் ரிபன் கட்டிய இரட்டைப் பின்னலும் முட்டை மணமுமாக பஸ்ஸில் ஏறியதைச் சாரதி கண்டார். கதவைச் சாத்தினார், அடுத்த தெருவுக்கு ஓட்டினார். மறுநாளிலிருந்து அந்த வீட்டு வாசலில் மட்டும் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றார்.